100 டாலருக்குக் கிடைத்த உலகப்போர் ரைபிள்... இன்று விலை எகிறியது ஏன்? அமெரிக்காவின் ‘சர்ப்ளஸ்’ துப்பாக்கிச் சந்தையில் என்ன நடக்கிறது?

பப்ஜி விளையாடியவர்களுக்கு ‘கார்98கே’ என்ற பெயரைத் தனியாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. கேமில் ஒரே ஷாட்டில் எதிரியின் கதையை முடிக்கும் அந்த ரைபிள், நிஜத்தில் 1935-ல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி. அதே கேமில் வரும் ‘மோசின் நாகன்ட்’ அதைவிடப் பழசு. 1891-ல் ஜார் மன்னர் காலத்து ரஷ்யாவில் வந்தது.

நமக்கு மொபைல் ஸ்கிரீனில் மட்டுமே தெரிந்த இந்தத் துப்பாக்கிகளை, அமெரிக்காவில் நிஜமாகவே காசு கொடுத்து வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர்கள் ஏராளம். இதற்கென்றே தனி லைசென்ஸ், தனி இறக்குமதியாளர்கள், தனிச் சந்தை எல்லாம் இருக்கிறது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு மோசின் நாகன்ட் 100 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. இன்று அதே ரைபிளுக்குப் பல நூறு டாலர் கேட்கிறார்கள்.

ஏன் இந்த விலையேற்றம்? ராணுவம் பயன்படுத்திய துப்பாக்கி பொதுமக்கள் கைக்குப் போனது எப்படி? கென்னடி படுகொலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இந்தியாவில் இது சாத்தியமா? விரிவாகப் பார்க்கலாம்.

‘சர்ப்ளஸ்’ என்றால் என்ன?

சிம்பிளா சொன்னால், ராணுவத்துக்கு இனி தேவைப்படாத உபரி ஆயுதம்தான் சர்ப்ளஸ்.

முதல் உலகப்போரிலும் இரண்டாம் உலகப்போரிலும் காலாட்படை வீரரின் கையில் இருந்தது பெரும்பாலும் ‘போல்ட் ஆக்‌ஷன்’ ரைபிள். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும், பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். காலித் தோட்டா வெளியே தெறிக்கும். மறுபடி முன்னால் தள்ளி, கீழே அழுத்திப் பூட்டினால் அடுத்த தோட்டா தயார். கதவுத் தாழ்ப்பாள் மாதிரி வேலை செய்வதால்தான் அதற்கு ‘போல்ட்’ என்று பெயர். டிரிகரை அழுத்திப் பிடித்தால் சரமாரியாகச் சுடும் ரகம் இல்லை இது.

இவை தயாரான எண்ணிக்கையைக் கேட்டால் தலை சுற்றும். மோசின் நாகன்ட் மட்டும் சுமார் 3 கோடியே 70 லட்சம். கார்98கே சுமார் 1 கோடியே 40 லட்சம். பிரிட்டிஷ் படையின் லீ என்ஃபீல்டு சுமார் 1 கோடியே 70 லட்சம்.

போர் முடிந்ததும் உலகமே தானியங்கித் துப்பாக்கிகளுக்கு மாறியது. கோடிக்கணக்கான பழைய ரைபிள்கள் கிடங்குகளில் முடங்கின. அவற்றை உருக்கலாம், வேறு நாட்டுக்குக் கொடுக்கலாம், இல்லையென்றால் விற்கலாம். பல நாடுகள் விற்கும் வழியைத் தேர்ந்தெடுத்தன. வாங்குவதற்கு அமெரிக்கா என்ற பெரிய சந்தை காத்திருந்தது.

தபாலில் வந்த 19.95 டாலர் ரைபிள்

1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் இந்த ரைபிள்கள் கிட்டத்தட்டப் பழைய இரும்பு விலைக்கே போயின. பத்திரிகையில் விளம்பரம் வரும். கூப்பனை வெட்டி, மணி ஆர்டர் சேர்த்து அனுப்பினால் போதும், துப்பாக்கி தபாலில் வந்துவிடும்.

1963 மார்ச் மாதம், ‘ஏ. ஹிடெல்’ என்ற பெயரில் ஒரு கூப்பன் சிகாகோவில் இருந்த ‘க்ளைன்ஸ்’ என்ற கடைக்கு வந்தது. கேட்கப்பட்டது, இத்தாலி ராணுவம் பயன்படுத்திய 6.5 மி.மீ. கார்கானோ ரைபிள். தொலைநோக்கியோடு சேர்த்து விலை 19.95 டாலர். அனுப்பும் செலவு 1.50 டாலர். மொத்தம் 21.45 டாலர்.

ஹிடெல் என்பது போலிப் பெயர். வாங்கியவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதே ஆண்டு நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அதிபர் ஜான் எஃப். கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது, பாடநூல் கிடங்கின் 6-வது மாடியில் கண்டெடுக்கப்பட்டது அந்த கார்கானோதான் என்று வாரன் கமிஷன் முடிவு செய்தது.

தபாலில் துப்பாக்கி விற்பதற்கு எதிரான குரல் அப்போதே எழுந்தது. ஆனால் சட்டம் வர 5 ஆண்டுகள் ஆனது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி என அடுத்தடுத்து இரண்டு படுகொலைகள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகே, 1968 அக்டோபர் 22 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம் செய்த முக்கியமான மூன்று வேலைகள்:

* ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் தனிநபர்கள் தபாலில் துப்பாக்கி வாங்குவது நின்றது. லைசென்ஸ் உள்ள டீலர் வழியாகத்தான் வாங்க வேண்டும்.
* வெளிநாட்டு ராணுவ உபரித் துப்பாக்கிகளை இறக்குமதி செய்யத் தடை வந்தது.
* ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வரிசை எண், டீலரிடம் விற்பனைப் பதிவு ஆகியவை கட்டாயமாயின.

இந்த மூன்றாவது விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வரும்.

மூடிய கதவு மீண்டும் திறந்தது எப்படி?

இங்கேதான் ட்விஸ்ட். 16 ஆண்டுகள் கழித்து, 1984-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வர்த்தகச் சட்டத்துக்குள் சின்னதாக ஒரு திருத்தத்தைச் சேர்த்தது. ‘அரும்பொருள் மற்றும் பழம்பொருள்’ என்ற வகையில் வரும் ராணுவ ரைபிள்களை, லைசென்ஸ் பெற்ற இறக்குமதியாளர்கள் கொண்டுவரலாம் என்றது அந்தத் திருத்தம்.

எது பழம்பொருள்? அசல் வடிவம் மாறாமல், தயாரித்து குறைந்தது 50 ஆண்டுகள் ஆன துப்பாக்கி. அந்தக் கணக்குப்படி உலகப்போர் ரைபிள்கள் எல்லாமே இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும். 1898-ம் ஆண்டு வரை தயாரானவை என்றால் இன்னும் சுலபம். மத்தியச் சட்டத்தின் பார்வையில் அவை ‘ஆன்டிக்’. பெரும்பாலான விதிகள் அவற்றுக்குப் பொருந்தாது.

அடுத்து வந்தது பெர்லின் சுவரின் வீழ்ச்சியும் சோவியத் ஒன்றியத்தின் சிதறலும். பணத்தேவையில் இருந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகள் கிடங்குகளைத் திறந்துவிட்டன. 1990-களிலும் 2000-களிலும் அமெரிக்கக் கடைகளில் மோசின் நாகன்ட்கள் அடுக்கடுக்காக வந்து இறங்கின. ரைபிளோடு 440 தோட்டாக்கள் அடைத்த தகர டப்பாக்களும் வந்தன. சாளை மீன் டின்னைத் திறக்கிற மாதிரி வெட்டித் திறக்க வேண்டிய டப்பா!

30 டாலர் ‘கலெக்டர்’ லைசென்ஸ்

நம்ம ஊரில் துப்பாக்கி லைசென்ஸ் கொடுப்பவர் கலெக்டர். அமெரிக்காவில் லைசென்ஸ் வாங்குபவரே ‘கலெக்டர்’, அதாவது சேகரிப்பாளர்.

மத்திய அரசின் ஏடிஎஃப் அமைப்பு தரும் லைசென்ஸ்களில் 3-ம் வகை, சேகரிப்பாளர்களுக்கானது. வயது 21 ஆகியிருக்க வேண்டும். குற்றப் பின்னணி கூடாது. 3 ஆண்டுகளுக்குக் கட்டணம் 30 டாலர்தான். இந்த லைசென்ஸ் கையில் இருந்தால், பழம்பொருள் பட்டியலில் உள்ள ரைபிளை வேறு மாநிலத்திலிருந்தும் ஆர்டர் செய்து நேராக வீட்டுக்கே வரவழைக்கலாம். எது வந்தது, எது போனது என்று ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். லாபத்துக்காக வாங்கி விற்கும் வியாபாரம் செய்யக் கூடாது. சில மாநிலங்களில், நகரங்களில் இதற்கு மேலும் கட்டுப்பாடுகள் உண்டு.

லைசென்ஸ் இல்லாதவர்கள் கடையில் வாங்கும்போது, படிவம் நிரப்பி, எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சரிபார்ப்பைத் தாண்டியாக வேண்டும். சேகரிப்பாளருக்குப் பழம்பொருள் ரைபிள் வாங்கும்போது ஒவ்வொரு முறையும் அந்தச் சரிபார்ப்பு கிடையாது. லைசென்ஸ் கொடுக்கும்போது ஒருமுறை விசாரித்ததே போதும் என்பது சட்டத்தின் நிலைப்பாடு.

இதுதான் விவாதப் பொருள்.

ஆதரவாளர்கள் சொல்வது இது: நாலு கிலோ எடை, ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இயக்க வேண்டும். குற்றம் செய்ய நினைப்பவர் இதைத் தேடி வர மாட்டார். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடப்பதாகத்தான் எஃப்பிஐ புள்ளிவிவரங்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. எல்லா வகை ரைபிள்களையும் சேர்த்தாலும் அவற்றின் பங்கு சிறியதே.

எதிர்ப்பாளர்கள் இதற்குச் சொல்லும் பதில்: எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். ஆனால் தொலைவிலிருந்து ஒரே தோட்டாவில் ஒருவரைக் கொல்ல இந்த ரைபிளே போதும். டல்லாஸே அதற்குச் சாட்சி.

சார்லி கிர்க் கொலையும் பழைய மவுசரும்

2025 செப்டம்பர் 10 அன்று யூட்டா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, வலதுசாரி அரசியல் செயற்பாட்டாளர் சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். வளாகத்தை ஒட்டிய மரங்கள் அடர்ந்த பகுதியில் ஒரு ரைபிளை மீட்டதாகப் புலனாய்வாளர்கள் அறிவித்தார்கள். அது, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பழைய மவுசர் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். இந்த வழக்கில் ஒரு இளைஞர் மீது கொலைக் குற்றம் சுமத்தப்பட்டிருக்கிறது.

மீட்கப்பட்ட ரைபிள் .30-06 என்ற அமெரிக்கத் தோட்டாவைப் பயன்படுத்துவது. ஜெர்மன் ராணுவத்தின் மவுசர் பயன்படுத்தியது 7.92 மி.மீ. தோட்டா. பழைய ராணுவ ரைபிளை வாங்கி, குழலை மாற்றி, கட்டையைச் செதுக்கி வேட்டைத் துப்பாக்கியாக மாற்றுவது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடக்கும் பழக்கம். தாத்தா காலத்து ரைபிள் பேரன் கைக்கு வருவதும் சாதாரணம்.

இங்கேதான் 1968 சட்டத்தின் மூன்றாவது விஷயம் மறுபடி வருகிறது. அந்தச் சட்டத்துக்கு முன்பு விற்ற துப்பாக்கிகளுக்கு முறையான விற்பனைப் பதிவு கிடையாது. அதன் பிறகும், குடும்பத்துக்குள் கைமாறினால் பல மாநிலங்களில் எந்த ஏட்டிலும் ஏறாது. ஒரு குற்றம் நடந்த பிறகு ‘இது யார் வாங்கியது?’ என்று தேடினால், தடம் பாதியிலேயே அறுந்துவிடும். துப்பாக்கி எவ்வளவு வேகமாகச் சுடும் என்பதைத் தாண்டி, அது யார் யார் கைக்குப் போனது என்பதும் கேள்விதான் என்கிறார்கள் கட்டுப்பாட்டு ஆதரவாளர்கள்.

சரி, விலை ஏன் ஏறியது?

முதல் காரணம், கிடங்குகள் காலியாகிவிட்டன. இனி யாரும் இவற்றைத் தயாரிக்கப் போவதில்லை. மலையளவு சரக்கு என்றாலும் ஒருநாள் தீர்ந்துதானே ஆக வேண்டும்?

இரண்டாவது காரணம் அரசியல். ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னிக்கு விஷம் கொடுக்கப்பட்ட விவகாரத்தில், 2021 ஆகஸ்ட் மாதம் அமெரிக்கா ரஷ்யா மீது இரண்டாம் கட்டத் தடைகளை அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 7 முதல், ரஷ்யத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இறக்குமதி செய்யப் புதிய அனுமதி கொடுப்பது நிறுத்தப்பட்டது. மலிவு விலைத் தோட்டாக்களுக்கு அமெரிக்கச் சந்தை ரஷ்யாவைத்தான் பெரிதும் நம்பியிருந்தது.

மூன்றாவது, உக்ரைன் போர். 2022-ல் ரஷ்ய ஆதரவு டொனெட்ஸ்க் பகுதியில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட சிலரின் கையில் மோசின் நாகன்ட் இருந்த படங்கள் வெளியாகி உலகத்தை வியக்க வைத்தன. 19-ம் நூற்றாண்டில் வடிவமைத்த ரைபிள், 21-ம் நூற்றாண்டுப் போர்க்களத்தில்! போர் நடக்கும்போது எந்த நாடும் கிடங்கைத் துடைத்து விற்காது.

நான்காவது, அமெரிக்காவின் சொந்தக் கொள்கை. நட்பு நாடுகளுக்குக் கொடுத்த அமெரிக்க ராணுவத் துப்பாக்கிகளைத் தனியார் திரும்ப இறக்குமதி செய்ய அனுமதிப்பதில்லை என்று 2013-ல் ஒபாமா அரசு முடிவெடுத்தது.

புதிய வரத்து முழுசா நின்றுவிடவில்லை. சமீப ஆண்டுகளில் எத்தியோப்பியாவிலிருந்து பழைய ரைபிள்கள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. அதில் இத்தாலியின் கார்கானோக்களும் இருந்தன. 1935-ல் எத்தியோப்பியாவை ஆக்கிரமிக்க முசோலினியின் படை தூக்கி வந்த துப்பாக்கிகள் அவை. படை போய்விட்டது. துப்பாக்கி தங்கிவிட்டது. பெரும்பாலானவை துருவேறி, கட்டை உடைந்த நிலையில் இருந்தாலும் வாங்குவதற்கு ஆள் இருந்தது. சந்தை எவ்வளவு வறண்டிருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம்.

வாங்குபவர்கள் என்னவெல்லாம் பார்ப்பார்கள்?

பழைய புல்லட் பைக் வாங்கும்போது இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பொருந்துகிறதா என்று பார்ப்போம் இல்லையா? அதே கதைதான்.

வரிசை எண்: ரைபிளின் உடலிலும் போல்ட்டிலும் மற்ற பாகங்களிலும் ஒரே எண் இருந்தால் மதிப்பு அதிகம். சோவியத் பட்டறைகளில் பழுதுபார்த்தபோது பாகங்களைக் கலந்துகட்டி, பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண் பொறித்த ரைபிள்கள் ஏராளம். இவை ‘கட்டாயப் பொருத்தம்’ எனப்படும். மதிப்பு குறைவு.

இறக்குமதி முத்திரை: அமெரிக்காவுக்குள் கொண்டுவரும் நிறுவனம் தன் பெயரையும் ஊரையும் ரைபிளில் பொறிக்க வேண்டும் என்பது சட்டம். இந்த முத்திரை இல்லாத ரைபிள் என்றால், போரிலிருந்து திரும்பிய வீரரே நினைவாகக் கொண்டு வந்ததாக இருக்கலாம். அதற்குக் கூடுதல் விலை.

குழல்: உள்ளே பள்ளம், துரு இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்ப்பார்கள். பழைய ராணுவத் தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பிறகு குழலுக்குள் உப்பு படியும். அது ஈரத்தை இழுத்து ஒருசில நாளிலேயே துரு பிடிக்க வைக்கும். எண்ணெய் போட்டால் உப்பு கரையாது. தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைத்து, அப்புறம்தான் எண்ணெய்.

மெழுகுக் கிரீஸ்: கிடங்கில் பத்திரமாக இருக்க ‘காஸ்மோலின்’ என்ற கெட்டிக் கிரீஸில் குளிப்பாட்டி வைத்திருப்பார்கள். மரக்கட்டைக்குள் ஊறிப்போன அந்தக் கிரீஸை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

உயிருக்கே உலை வைக்கும் தவறுகள்

அலங்காரத்துக்கு வைப்பது வேறு. சுடலாம் என்று இறங்கினால் விஷயம் சீரியஸ்.

போல்ட் பூட்டியதும் தோட்டாவின் அடிப்பகுதிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையே இருக்கும் இடைவெளி சரியான அளவில் இருக்க வேண்டும். போல்ட் மாறியிருந்தால், தேய்ந்திருந்தால் அந்த அளவு கூடிவிடும். அப்போது தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, பல்லாயிரம் பவுண்டு அழுத்தத்தில் இருக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து அளவுகோல் வைத்துச் சரிபார்க்காமல் சுடக்கூடாது என்று அனுபவம் உள்ள சேகரிப்பாளர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சில ரைபிள்களில் பிரச்னை பிறப்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைபிளில், ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையின் 8 லட்சத்துக்குக் குறைவான வரிசை எண் கொண்டவற்றின் இரும்பைச் சரியாகப் பதப்படுத்தவில்லை. அவை உடைந்து சிதறக்கூடியவை என்பதால் சுட வேண்டாம் என்பதே அறிவுரை. ஜப்பானின் பயிற்சி ரைபிள்கள் நிஜ ரைபிளைப் போலவே இருக்கும். ஆனால் நிஜத் தோட்டாவைத் தாங்காது.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் பகுதியில் கைவினைஞர்கள் பட்டறையில் செய்யும் லீ என்ஃபீல்டு நகல்கள் உலகப் பிரசித்தம். பார்வைக்கு அச்சு அசல். ஆனால் முத்திரையில் எழுத்துப்பிழை இருக்கும், ஆங்கில எழுத்து திரும்பிக் கிடக்கும். கிடைத்த இரும்பில் செய்ததால் எதைத் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

துப்பாக்கிக்குள் ஒளிந்திருக்கும் மனிதர்கள்

இவ்வளவு தலைவலி இருந்தும் ஏன் வாங்குகிறார்கள்? பலருக்கு இது கையில் தொட்டுப் பார்க்கும் வரலாறு.

சுவிட்சர்லாந்தின் கே31 ரைபிளின் அடிக்கட்டைத் தகட்டைக் கழற்றினால், சில சமயம் உள்ளே ஒரு சின்னச் சீட்டு கிடைக்கும். அதை வைத்திருந்த வீரரின் பெயர், படைப்பிரிவு, முகவரி அதில் இருக்கும். ஜப்பானின் அரிசாகா ரைபிளில் பேரரசரின் அடையாளமான செவ்வந்திப் பூ பொறித்திருப்பார்கள். சரணடைந்தபோது பேரரசரின் சின்னம் எதிரியிடம் போகக்கூடாது என்று பல ரைபிள்களில் அதைத் தேய்த்து அழித்துவிட்டார்கள். பூ அழியாத ரைபிள் என்றால், போர்க்களத்திலேயே கைப்பற்றியதாக இருக்கலாம். அதற்கு மவுசு கூடுதல்.

இதே ஆசைக்கு ஓர் இருண்ட பக்கமும் இருக்கிறது. கார்98கே-வில் நாஜி முத்திரை தெளிவாக இருந்தால் விலை ஏறுகிறது. அதனால் போலி முத்திரை குத்தி விற்பவர்களும் கிளம்பிவிட்டார்கள். சாதாரண ரைபிளில் தொலைநோக்கி மாட்டி ‘ஸ்னைப்பர் ரைபிள்’ என்று தலையில் கட்டுவதும் நடக்கிறது. இன அழிப்பு செய்த ஓர் அரசின் சின்னம் சந்தையில் மதிப்புக் கூட்டும் பொருளாக மாறுவது சரியா என்ற கேள்விக்கு, சேகரிப்பாளர்களிடையே கூட ஒரே பதில் இல்லை.

இந்தியாவில் ‘த்ரீ நாட் த்ரீ’ வாங்க முடியுமா?

தமிழ்நாட்டில் போலீஸ் கையில் நீண்ட கட்டைத் துப்பாக்கியைப் பார்த்த தலைமுறைக்கு ‘த்ரீ நாட் த்ரீ’ நன்றாகத் தெரியும். அதுதான் .303 லீ என்ஃபீல்டு. மேற்கு வங்கத்தின் இசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை இதை லட்சக்கணக்கில் தயாரித்தது. இந்தத் தோட்டாவுக்கான வெடிமருந்தின் பெயர் கார்டைட். அதைத் தயாரிக்க 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் அமைத்த தொழிற்சாலைதான் நீலகிரி அருவங்காட்டில் இன்றும் இயங்குகிறது.

1962 சீனப் போருக்குப் பிறகு, இசாப்பூர் அதே ரைபிளை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி ‘2ஏ1’ என்ற பெயரில் தயாரித்தது. அதில் பெரும் எண்ணிக்கை உபரியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. ஆக, மேற்கு வங்கத்தில் தயாரான ரைபிளை ஒரு டெக்சாஸ்காரர் கடையில் வாங்கலாம். ஓர் இந்தியர் வாங்க முடியாது!

காரணம், ஆயுத விதிகளின்படி .303, 7.62 மி.மீ. ஆகிய ராணுவத் தோட்டாக்களைச் சுடும் ரைபிள்கள் ‘தடை செய்யப்பட்ட ரகம்’. அதற்கான அனுமதி மாவட்ட ஆட்சியர் கையில் இல்லை, மத்திய அரசின் கையில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் தடை செய்யப்பட்ட ஆயுதத்தை வைத்திருந்தால் 2019 சட்டத்திருத்தத்தின்படி குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. சாதாரண ரகத்திலும் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை அதே திருத்தம் 3-லிருந்து 2-ஆகக் குறைத்துவிட்டது. ‘கலெக்‌ஷன்’ என்ற ஆசைக்கே அங்கே முற்றுப்புள்ளி.

பொதுமக்களுக்கான .315 ரைபிள் பிறந்த கதையும் இதுதான். அதுவும் லீ என்ஃபீல்டு வடிவம்தான். ஆனால் ராணுவத் தோட்டா அதில் பொருந்தாது. ராணுவக் கிடங்கிலிருந்து தோட்டா திருடினாலும் பயன்படக்கூடாது என்பதே பிரிட்டிஷ் காலத்துக் கணக்கு.

உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு .303-க்கு விடை கொடுத்தது. ஓய்வுபெற்ற ரைபிள்கள் அங்கே கடைக்கு வரவில்லை. இந்தியாவில் போலீஸ் கழித்துக்கட்டும் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கும் நடைமுறை கிடையாது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழமையான ஆயுதங்களுக்கு மட்டும் ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்குத் தருகிறது.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் கவனிக்க வேண்டியவை

* ஹெச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் நுழைந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் உள்ளவர்களுக்கு விலக்கு என்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. மீறினால் அது கிரிமினல் குற்றம். விசாவுக்கும் ஆபத்து.
* கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். ஆனால் மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.
* நினைவுப் பொருள்தானே என்று ஒரு தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு இந்தியா வர வேண்டாம். பையில் மறந்து வைத்த ஒற்றைத் தோட்டாவால் விமான நிலையத்தில் வழக்கில் சிக்கியவர்கள் பலர்.

அடுத்து என்ன?

விநோதம் என்னவென்றால், இந்த ரைபிள்களின் வயது கூடக்கூட சட்டம் அவற்றைப் ‘பழம்பொருள்’ என்று மேலும் தளர்வாகப் பார்க்கிறது. ஆனால் எஃகுக்கு வயதாவதில்லை. நன்றாகப் பராமரித்த 1940-ம் ஆண்டு ரைபிள் இன்றும் அதே தூரத்துக்கு, அதே வேகத்தில் தோட்டாவை அனுப்பும். அமெரிக்காவின் 50 ஆண்டு விதி, காலண்டரைப் பார்த்து எழுதிய விதி. துப்பாக்கியின் திறனைப் பார்த்து எழுதியதல்ல.

அதற்காக எல்லாவற்றையும் உருக்கிவிடலாமா? அப்படிச் செய்தால், இரண்டு உலகப்போர்களில் சாதாரண வீரர்கள் தூக்கிச் சுமந்த பொருள் எதுவும் மிஞ்சாது. தலைமுறை தலைமுறையாகப் பொறுப்போடு பாதுகாத்து வருபவர்கள்தான் சேகரிப்பாளர்களில் அதிகம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது என்கிறார்கள் கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள். வாங்கும்போது மட்டும் விசாரிப்பதை விட்டுவிட்டு, குடும்பத்துக்குள் கைமாறும்போதும் பதிவு செய்ய வேண்டும், வீட்டில் பூட்டி வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பதிவு என்று ஆரம்பித்தால் ஒருநாள் பறிமுதலில் போய் முடியும் என்பது துப்பாக்கி உரிமைத் தரப்பின் பயம். 1963-ல் தபாலில் வந்த கார்கானோவுக்குப் பிறகு தொடங்கிய இந்த வாக்குவாதம், 60 ஆண்டுகள் தாண்டியும் முடிந்தபாடில்லை. கிடங்குகள் காலியாகலாம். ஏற்கெனவே வீடுகளுக்குள் போய்விட்ட லட்சக்கணக்கான ரைபிள்கள் அடுத்து யார் கைக்குப் போகும் என்பதுதான் இனி பெரிய கேள்வி.